பாதிக் கிணற்றுப் பாசியும் ஒரு கரிச்சானும்

1

இது நானாக எழுத நினைத்த கதை அல்ல. வகுப்பில் கொடுத்த பாடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில், பகலில் தட்டச்சு நிலையமாக இருக்கும் அறையில், சாயங்காலம் தமிழ்க் கட்டுரை வகுப்பு நடக்கிறது. தனித்தேர்வு எழுதப்போகிற நாங்கள் உறை போட்ட இயந்திரங்களுக்கு நடுவே நோட்டை வைத்து எழுதுவோம். பகலில் நான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் மூட்டைகளுக்கு முத்திரை குத்துகிறேன். பெயர் கிபாயத்துல்லா. முத்திரை கோணாமல் விழ வேண்டும் என்று எனக்கிருக்கும் கவனம் என் கட்டுரையிலும் தெரிவதாக எங்கள் ஆசிரியர் கொளஞ்சியப்பன் சார் சொல்வார். அது பாராட்டு அல்ல.

"எல்லாம் நேரா இருக்குதுய்யா. அடுக்கி வெச்ச மூட்டை மாதிரி. உள்ள என்னா இருக்குதுன்னுதான் தெரியல."

போன மாதம் அவர் கொடுத்த பாடம்: ஓர் அரிய பொருளையும் ஒரு சாதாரணப் பொருளையும் ஒப்பிட்டு எழுதுக. வகுப்பில் பாதிப் பேர் தங்கத்தையும் இரும்பையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு பாசியையும் ஒரு குருவியையும் எடுத்துக்கொண்டேன்.

"ஏன்யா, முத்து பவழம் ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு?" என்றார் சார். வகுப்பு சிரித்தது. "சரி, எழுது. ஆனா ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு எழுந்து போயிடாத. கடைசில நீ எந்தப் பக்கம் நிக்கிறேன்னு எனக்குத் தெரியணும்."

அதுதான் தெரியவில்லை. கட்டுரை கதையாகிப்போனது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: "பாசி என்பது வேரில்லாத தாவரம். கரிச்சான் என்பது கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை. இவ்விரண்டுக்கும் உள்ள" – [சரியாகத்தான் இருக்கிறது. மூட்டை.]

இரண்டாம் தொடக்கம்: "இயற்கை அன்னையின் மடியிலே எத்தனை எத்தனை" – [வேண்டாம்.]

மூன்றாம் தொடக்கம்: "தில்லைநாதனின் பிழைப்பு உள்ளங்கை அகலப் பாசி ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். அழகாக இருக்கிறது என்பதால் அல்ல; உண்மை என்பதால். பின்னால் இந்த ஒரு வரியே ஒரு வேலை செய்யப்போகிறது. அப்போது எனக்கு அது தெரியாது.

3

சிதம்பரத்தில் என் லாத்தா சைனம்பு இருக்கிறாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். மச்சான் முஹம்மது யூசுப் பினாங்கில். லாத்தாவுக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. துணைக்கு ஒரு மாமி வந்து படுத்துக்கொள்கிறார் என்றாலும், சனிக்கிழமை சாயங்காலம் நானும் ரயிலேறிப் போய்த் திங்கள் காலை திரும்புகிறேன்.

அவள் வீட்டுக் கொல்லையில் இருப்பது பாதிக் கிணறு. கிணறு முழுதாகத்தான் இருக்கிறது. மதில் அதன் நடுவே குறுக்காகப் போகிறது. இந்தப் பக்கம் நாங்கள் இறைப்போம், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார். யார் வாளி விட்டாலும் இரண்டு வீட்டுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்தான் தில்லைநாதன். ஒரு கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்புக்குத் தற்காலிக உதவியாளர். ஏப்ரலோடு வேலை முடிகிறது. மறுபடி எடுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மழைக்காலம் முடிந்த சமயம், அவர் தன் பக்கத்திலிருந்து நீர் இறைக்கும்போது எங்கள் பக்கத்து உள்சுவரில் அதைப் பார்த்தார். குளத்தில் மிதக்கும் பாசி அல்ல. சுவரில் வெல்வெட் மாதிரி ஒட்டிப் படரும் பாசி. விளிம்புக்கு ஒரு கை ஆழத்தில், செங்கல் ஒன்று பெயர்ந்த பொந்தைச் சுற்றி இருந்தது.

"தம்பி, இது மலையில இருக்க வேண்டியது" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "சமவெளியில பாத்ததா யாரும் எழுதல. வழி தப்பி வந்துருக்குது."

அதன் பெயரையும் சொன்னார். இரண்டு சொல். என் வாயில் நிற்கவில்லை.

வடக்கே பாசிகளை ஆராயும் ஒரு பெரியவருக்கு அவர் ஒரு கிள்ளு அனுப்பினார். பதில் வந்தது: நீங்கள் நினைப்பதுபோல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், காய் இல்லாமல் சொல்ல முடியாது. காயோடு மார்ச் முடிவதற்குள் அனுப்புங்கள். அதுதான் என்றால், என்னிடம் ஓர் உதவியாளருக்கு இடம் இருக்கிறது.

பாசியின் காய் என்பது மயிர்போன்ற ஒரு தண்டின் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு குடுவை. குளிர் விட்டதும் வரும் என்றார். காத்திருந்தோம். பதில் வந்த செய்தியை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். லாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு வாத்தியாருக்குப் பாசிமேல் ஆசை என்பது மட்டும்.

"ஊரு ஒலகத்துல இல்லாத பாசியா எங் கெணத்துல? வழுக்கி வுழாம இருந்தாச் சரி."

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது எங்களிடம் தவறாத வழக்கம். கிணற்றின் உள்சுவர் மேல்பாகமும் சேர்த்துத்தான். உள்ளங்கை அகலத்தை விட்டுவிட்டு அடி என்றால், சுண்ணாம்பு அடிக்க வந்த பழனிவேல் ஒத்துக்கொள்ளவில்லை. "திட்டா தெரியும்மா. பாக்குறவங்க பழனிவேலு தூங்கிட்டான்னு சொல்லுவாங்க." கடைசியில் ஓர் உடைந்த கூடையைப் பாசிமேல் கவிழ்த்து, சுண்ணாம்பு தெறிக்காமல் அடித்தான். கூடை நழுவாதபடி கம்பி போட்டுக் கட்டியது நான். முறையாகக் கட்டினேன். பெருநாள் முடிந்ததும் கழற்றப் போனபோது, "இருக்கட்டும் தம்பி, வெயில் படாம நல்லதுதான்" என்றார் தில்லைநாதன். வாரம் ஒருமுறை கூடையைத் தூக்கிப் பார்ப்போம். மார்ச் தொடக்கத்தில் காய் வந்தது. நானும் பார்த்தேன். இன்னும் முற்றவில்லை, ஒரு வாரம் விடுவோம் என்றார்.

அடுத்த ஞாயிறு கூடையைத் தூக்கினேன். என் காதை உரசிக்கொண்டு ஒரு கரிச்சான் வெளியே பறந்தது.

சுவர் வெறும் செங்கல்லாக இருந்தது. பொந்துக்குள் கூடு: வேர், தேங்காய் நார், லாத்தாவின் தலைமுடி, அதன்மேல் சுற்றிலும் மெத்தை போட்டதுபோல் பாசி, மொத்தமும். நடுவில் நீலப்பச்சையில் பழுப்புத் தெறித்த முட்டைகள்.

தில்லைநாதன் மதிலுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கரிச்சானைப் பார்த்து, "எல்லாத்தையுமா?" என்றார்.

4

[இங்கே ஒப்பீடு வர வேண்டும். பாடம் அதுதானே.]

கரிச்சான் எல்லா வீட்டுக் கொல்லையிலும் இருக்கிறது. விடிவதற்கு முன் பாங்கு சொல்வதற்கும் முந்திக்கொண்டு விசிலடிக்கிறது. அதைக் கேட்பதற்காக யாரும் எங்கும் போனதில்லை. பாசிக்குக் குரல் இல்லை. ஆனால் அதைப் பற்றி வடக்கே ஒருவர் கடிதம் எழுதுகிறார். பாசி தன்னை அரிது என்று நினைத்துக்கொண்டிருக்கவில்லை. கரிச்சானும் தன்னைச் சாதாரணம் என்று நினைத்திருக்காது. ஈரம் காயாத, மெத்தென்ற ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, பக்கத்திலேயே இருந்தது, எடுத்துக்கொண்டது. கூடை மறைவு கொடுத்தது. கம்பி காற்றில் ஆடாமல் பார்த்துக்கொண்டது.

எனவே அரியது சாதாரணத்துக்குள் போய்விட்டது. இனி ஒன்றை எடுத்தால் மற்றது கலையும். சார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே என்றீர்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

5

தில்லைநாதன் கேட்டார்: "ஓரத்துல கொஞ்சம் மட்டும் பிச்சிக்கிறேம்மா."

"கூட்டுக்கு ஓரம்னு ஒண்ணு இருக்குதா?" என்றாள் லாத்தா. "நீங்க கைய வெச்சீங்கன்னா அது திரும்பி வராது. புள்ளத்தாச்சி இருக்குற வூட்ல முட்டையோட கூடு கலையக் கூடாது. என்னிய மன்னிச்சிக்குங்க. பாசி மறுபடி மொளைக்கும்."

"மொளைக்கும்" என்றார் அவர். எப்போது என்று சொல்லவில்லை. மார்ச் பாதி போய்விட்டது என்றும் சொல்லவில்லை.

*ஒரு பக்கக் குறிப்பு: இந்த இடத்தில் தில்லைநாதன் கோபப்படுவதாக ஒரு பிரதி எழுதினேன். கதைக்கு அது வசதியாக இருந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. வாளியை விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார், பிறகு வாளிக்காகத் திரும்பி வந்தார். கோபத்தை அடித்துவிட்டேன்.

6

அடுத்த சனிக்கிழமை, அதுவரை எழுதியதை லாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். யாராவது கேட்டால் எங்கே தடுக்குகிறது என்று தெரியும் என்பது என் எண்ணம். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"குருவிக்கு ஒரு பேரு வெக்கக் கூடாதா? பாசிக்கு மட்டும் ரெண்டு பேரு."

"அதுக்கு அப்பிடி வழக்கம் லாத்தா."

"அப்புறம் 'கண்ணீர் மல்க மறுத்தாள்'னு எழுதியிருக்கே. நான் எங்கடா அழுதேன்? இப்பத்தான் அழுவுறேன், வெங்காயத்துல. அடி அத."

அடித்தேன். [கண்ணீர் மல்க] பிறகு அவள், "மொதல்ல என்னமோ வந்துச்சே, தொங்கிக்கிட்டுன்னு. அத மறுபடி படி" என்றாள்.

தில்லைநாதனின் பிழைப்பு உள்ளங்கை அகலப் பாசி ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பிழைப்பா? ஆசைன்னுல்ல நெனச்சேன்."

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. வடக்கே இருக்கும் இடம், காய், மார்ச் கடைசி. ரகசியம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்லவும் இல்லை. லாத்தா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். கட்டுரையில் ஒரு நல்ல வரி எழுதப்போய் நான் கிணற்றடியில் எதையோ நகர்த்திவிட்டேன் என்று அப்போதே தோன்றியது.

மறுநாள் காலை அவள் மதிலோரம் போய் நின்று கூப்பிட்டாள். "வாத்தியாரே, எடுத்துக்குங்க."

"என்னம்மா?"

"கூட்ட. எனக்கு விசயம் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்துருப்பேன். நான் அடுப்பங்கரைக்குப் போயிடுறேன், நீங்க எடுத்துக்குங்க."

ஆனால் போகவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். சைனம்பு லாத்தாவைப் பற்றி என்ன எழுதினாலும் இப்படி நின்றதை எழுதாமல் விட முடியாது.

தில்லைநாதன் சவரக் கண்ணாடியோடு எங்கள் பக்கம் வந்தார். வாளி விழுந்தால் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கிணற்றுக்குள் அடித்துப் பார்ப்போமே, அதுபோல் ஒளியைப் பொந்துக்குள் செலுத்தினார். நான் கூடையைத் தூக்கிப் பிடித்திருந்தேன். கரிச்சான் முருங்கை மரத்தில் உட்கார்ந்து சீறிக்கொண்டிருந்தது. ஒளி கூட்டின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். கையை உள்ளே விட்டார். விரல் எதையோ தொட்டிருக்க வேண்டும். மெதுவாக வெளியே எடுத்தார்.

"காய் இல்ல" என்றார். "கிட்டத்துல பாத்தா இது நான் நெனச்ச பாசியும் இல்ல. கீரப்பாளையம் பக்கம் எல்லாக் கெணத்துலயும் இருக்குறதுதான். கூடைய வுடு தம்பி, வெயில் படுது."

"நெசமாவா?" என்றாள் லாத்தா.

"பாசி விசயத்துல நான் ஏம்மா பொய் சொல்லப்போறேன்?"

லாத்தா சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணாடியை முகம் பார்ப்பதுபோல் திருப்பி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

7

இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நடந்தது இவ்வளவுதான். நடந்தது என்ன என்பது தெரியவில்லை.

அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு கிள்ளை வைத்தும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் மாதக்கணக்கில் பார்த்ததைவிடக் கிட்டத்தில் ஒரு நிமிடம் பார்த்தது சரியாக இருக்கலாம். காய் உதிர்ந்திருக்கலாம்.

அல்லது லாத்தா நின்ற நிலையைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் அவர் தன் பிழைப்பையே அந்தப் பொந்தில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்குப் பிடித்த பிரதி இதுதான். பிடித்திருப்பதாலேயே சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று, முந்தாநாள் ரயிலில்தான் தோன்றியது. அனுப்பாதவரை அது அரிய பாசி. அனுப்பினால் அந்தப் பெரியவர் சாதாரணம் என்று எழுதிவிடக்கூடும். அதற்குப் பயந்து, தானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் – [இதை முடிக்க விருப்பமில்லை. ஆனால் அடிக்கவும் மனமில்லை. எனக்கே இந்தப் பயம் உண்டு. கட்டுரைகளை நான் கடைசி ஆளாகத்தான் கொடுப்பேன்.]

நான் முறையாக யோசிக்கிறவன். கீரப்பாளையத்துக் கிணறுகளில் இருக்கிறது என்றால், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கடுத்த ஞாயிறு, அதாவது நேற்று, பஸ் ஏறிப் போனேன். முதல் கிணற்றில் தலையை விட்டதும் ஓர் அம்மா ஓடிவந்தார்.

"என்னா வுழுந்துச்சு? வாளியா?"

"ஒண்ணும் வுழல. பாசி பாக்குறேன்."

"பாசியா!" அவர் தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏங்க, இங்க வாங்க. யாரோ புள்ள கெணத்தடில நின்னுக்கிட்டு ஒரு மாதிரியாப் பேசுது."

வீட்டுக்காரர் வந்தார். என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பரீட்சையில் தவறிவிட்டேனா என்று கேட்டார். இனிமேல்தான் எழுத வேண்டும் என்றேன். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு இன்னும் சில கிணறுகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பச்சையாக ஏதோ இருந்தது. எல்லாம் அதுபோலவே இருந்தது. எதுவும் அதுபோல இல்லை. பொந்தைச் சுற்றியிருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் வேறொன்றோடு வைத்துப் பார்த்ததில்லை. ஒப்பிட்டு எழுது என்றார் சார். எனக்கு ஒப்பிடவே தெரியவில்லை என்று கீரப்பாளையத்தில் மோர் குடித்தபோது புரிந்தது.

8

இன்று காலை ஊருக்குப் புறப்படுமுன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். முட்டை பொரிந்துவிட்டது, கூடைக்குப் பின்னாலிருந்து மெல்லிய கீச்சுக் கேட்டது. தாய் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு தடவை அது வெளியே பாயும்போது காலில் சிக்கி ஏதோ வந்தது. கிணற்றின் விளிம்பில் விழுந்தது.

நகக்கண் அளவு பாசி. காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதிலிருந்து மயிர்போல் ஒரு தண்டு. நுனியில் ஒரு புள்ளி.

காயாக இருக்கலாம். புல்விதை ஒட்டிக்கொண்டிருக்கலாம். லாத்தாவிடம் தீப்பெட்டி கேட்டு, குச்சிகளைக் கொட்டிவிட்டு அதில் வைத்தேன்.

"எதுக்குடா?"

"சும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "அவருகிட்ட குடுக்கப் போறியா?"

"குடுக்கக் கூடாதா?"

"குடுக்கணும்" என்றாள். உடனே, "அதுல காய் இருந்துதுன்னா அன்னிக்கு அவரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இதை நான் விட்டுவைத்த அரைகுறை வாக்கியம் என்று எண்ண வேண்டாம். அவளே அங்கேதான் நிறுத்தினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தேன். பூட்டியிருந்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்கப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள் எதிர்வீட்டில். இது மார்ச் கடைசி வாரம். தபால் நாளைக் காலை போனால்தான் உண்டு. லாத்தா கையால் கொடுக்க வைக்க மனம் வரவில்லை; பெட்டியோடு வேலைக்கு வந்துவிட்டேன்.

9

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

தில்லைநாதன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சொன்னேன்ல தம்பி, சாதாரணப் பாசி" என்கிறார். யாரும் எதையும் இழக்கவில்லை. கரிச்சான் மெத்தைக்கு எதையோ எடுத்தது, அவ்வளவுதான். சேத்தியாத்தோப்பு கிடைக்கலாம். [இது நடந்தால் எனக்கு நிம்மதி. கதை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.]

அல்லது திறந்து பார்த்துவிட்டு மேசைமுன் உட்காருகிறார். விளக்கை ஏற்றி, தாளில் மடித்து, முகவரி எழுதுகிறார். அன்று கண்ணாடி ஒளியில் அவர் பார்த்தது என்ன என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. லாத்தாவுக்கும் தெரிந்துவிடும். இனி அவர்கள் இருவரும் ஒரே கிணற்றில் எந்த முகத்தோடு நீர் இறைப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது முடிவில் அவர் பெட்டியை வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். [இதற்குக் காரணம் எழுத என்னால் முடியவில்லை.]

இப்போது சாயங்காலம். ரயில் நிலையத்துக்கு எதிரே வகுப்பு மாடியில் விளக்குப் போட்டுவிட்டார்கள். இந்நேரம் நான் அங்கே இருந்திருக்க வேண்டும். இதுவரை ஒரு வகுப்பும் விட்டதில்லை. வகுப்பு முடிந்து கிளம்பினால் அவர் படுத்துவிடுவார் என்பதால் இந்த வண்டிக்கு வந்துவிட்டேன். சார், எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்டீர்கள். சிதம்பரம் போகும் வண்டி வருகிற பக்கம் நிற்கிறேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சிக்னல் கம்பத்தின்மேல் ஒரு கரிச்சான் உட்கார்ந்து விசிலடிக்கிறது. பிளாட்பாரத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தீப்பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது.

வண்டி வந்துவிட்டது. கூட்டம். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும், ஒரு கையில் இந்த நோட்டு வேறு. இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்தாமல். திறந்து பார்ப்பதானால் பாருங்கள், ஆனால் காற்றடிக்கிறது.